பாரத்தில் ஒரு கேள்வி

தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த நாளிலிருந்து இதுவரை எத்தனை பாரம் நிரப்பியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ‘பங்சா’, ‘அகாமா’ என்று இரண்டு கட்டம் இருக்கும். மலாய், சீனர், இந்தியர், லாயின்-லாயின். கை தானாகவே மூன்றாவது கட்டத்துக்குப் போய்விடும். இதை எதுக்குக் கேக்குறாங்க என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தவர் ரிச்சர்ட் ஃபெய்ன்மேன்.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவருடைய வாழ்க்கைக் கதையை விழுந்து விழுந்து படித்தேன். நியூயார்க்கிலேயே பிறந்து வளர்ந்தவர். 1935-ல் பள்ளி முடித்தபோது அதே ஊரிலிருந்த கொலம்பியா பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. யூத மாணவர்களுக்கு அங்கே எழுதப்படாத ஓர் எண்ணிக்கை இருந்தது, அது நிரம்பிவிட்டது. எம்.ஐ.டி.க்குப் போனார். 1939-ல் பிரின்ஸ்டனுக்கு விண்ணப்பித்தபோதும், அந்தப் பையன் யூதனா என்று அங்கிருந்த இயற்பியல் துறைத் தலைவர் எம்.ஐ.டி. பேராசிரியருக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கப்போகிற மனிதனைப் பற்றி ஒரு பல்கலைக்கழகத்துக்கு வந்த சந்தேகம் இது!

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் ‘யஹூடி’ என்ற சொல் பல வாய்களில் வசைச்சொல்லாகவே புழங்குகிறது. பாலஸ்தீன மக்களுக்காக மனம் கொதிப்பது வேறு. ஒருவர் யூதராகப் பிறந்தார் என்பதற்காக அவருக்குப் படிப்பையும் வேலையையும் மறுப்பது வேறு. நான் எழுதுவது இரண்டாவதைப் பற்றி.

கொலம்பியா இதைச் செய்த விதம்தான் என்னை நிறுத்தியது. ‘யூதர் வேண்டாம்’ என்று எங்கும் அறிவிக்கவில்லை. விண்ணப்பப் பாரத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். மதம் என்ன, பிறந்த இடம் எது, தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன, கூடவே ஒரு புகைப்படம். அப்பா பெயரை மாற்றிக்கொண்டிருந்தாலும் அம்மா பெயர் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கல்லூரியில் சுமார் 40 விழுக்காடாக இருந்த யூத மாணவர்கள் 1920-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 22 விழுக்காடாகக் குறைந்ததாகக் கணக்கிடுகிறார்கள்.

வேலைச் சந்தையில் இந்த நாசூக்குக்கூட இல்லை. ‘கிறிஸ்துவர் மட்டும்’ என்று நாளிதழ் விளம்பரத்திலேயே போட்டார்கள். சட்டம் சும்மா இருந்ததா என்றால், இல்லை. 1877-ல் சாரட்டோகாவில் ஜோசப் செலிக்மன் என்ற பெரும் வங்கியாளருக்கே கிராண்ட் யூனியன் ஓட்டலில் அறை மறுக்கப்பட்டு ஊரே பேசியது. நூலகத்தில் புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் தசம எண்ணைக் கண்டுபிடித்த மெல்வில் டூயி நடத்திய லேக் பிளாசிட் கிளப்பிலும் யூதருக்கு இடமில்லை. மாநில நூலகராக அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டே இப்படிச் செய்கிறாரே என்று எழுந்த எதிர்ப்பில் 1905-ல் அவர் பதவி விலக வேண்டி வந்தது. 1913-ல் நியூயார்க் மாநிலம், இன்ன மதத்தார் வரவேண்டாம் என்று ஓட்டல்கள் விளம்பரம் செய்வதற்குத் தடை போட்டது. ஓட்டல்காரர்கள் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட விருந்தினர்’, ‘அருகில் தேவாலயம் உண்டு’ என்று எழுதத் தொடங்கினார்கள். புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்தது.

உண்மையான மாற்றம் 1945-ல் வந்தது. சட்டமன்றத்தில் குடியரசுக் கட்சியின் இர்விங் ஐவ்ஸ், செனட்டில் ஜனநாயகக் கட்சியின் எல்மர் குவின் இருவரும் சேர்ந்து கொண்டுவந்த மசோதா அது. இனம், மதம், நிறம், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காரணம் காட்டி வேலை மறுக்கக் கூடாது, தனியார் முதலாளிக்கும் இது பொருந்தும். அமெரிக்க மாநிலங்களில் இப்படிப்பட்ட முதல் சட்டம். இதற்கு வழி திறந்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1941-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனுக்கு ஊர்வலம் வருவேன் என்று மிரட்டியதால்தான் போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் பாகுபாட்டைத் தடுக்கும் ஆணையை ரூஸ்வெல்ட் பிறப்பித்தார்.

எதிர்ப்பு பலமாக இருந்தது. நியூயார்க்கின் பாலங்களையும் பூங்காக்களையும் கட்டிய ராபர்ட் மோசஸ், இந்தச் சட்டம் கடைசியில் ஒதுக்கீட்டு முறையில்தான் போய் முடியும் என்றார். அவரே யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர்! ஆனாலும் சட்டமன்றத்தில் 109-32, செனட்டில் 49-6 என்று மசோதா நிறைவேறியது. மார்ச் 12-ஆம் தேதி கையெழுத்திட்ட ஆளுநரின் பெயரும் டூயி, தாமஸ் டூயி.

சட்டத்தில் ‘யூதர்’ என்ற சொல் எங்கும் கிடையாது. யாரையும் யாரும் நேசிக்கச் சொல்லவில்லை. புதிதாக அமைந்த பாகுபாட்டு எதிர்ப்பு ஆணையம் கைவைத்தது பாரத்தில்தான். மதம் கேட்காதே, பிறந்த ஊர் கேட்காதே, வேலை கொடுக்கும் முன் புகைப்படம் கேட்காதே, பெயர் மாற்றியவரிடம் பழைய பெயர் என்ன என்று கேட்காதே. கடைசி விதியின் அருமை, அந்தக் காலத்து நியூயார்க் நீதிமன்றங்களில் பெயர் மாற்ற மனு போட்டவர்களில் யூதர்கள் மிக அதிகம் என்பது தெரிந்தால்தான் புரியும். 1948-ல் கல்லூரிச் சேர்க்கைக்கும் தனிச் சட்டம் வந்தது.

நான் கருவியியல் பொறியாளன். சென்சாரைக் கழற்றிவிட்டால் அந்த அளவீட்டை வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது என்பது என் தொழில் புத்தி. அதனால் இந்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் ஆணையம் வேலை செய்த விதம் அவ்வளவு பிடிக்கவில்லை. புகார் வந்தால் முதலாளியைக் கூப்பிட்டு மூடிய அறையில் சமாதானம் பேசுவதுதான் அதன் வழக்கம். பொது விசாரணை வரை போனவை மிகச் சில.

அந்தச் சமாதானப் புத்தி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு அராம்கோ வழக்கு சாட்சி. சவூதியில் எண்ணெய் எடுத்த இந்த அமெரிக்க நிறுவனம் நியூயார்க்கில் ஆள் எடுக்கும்போது மதம் கேட்டது. யூதர் என்றால் வேலை இல்லை. யூதருக்கு சவூதி விசா தராது, நாங்க என்ன செய்ய முடியும் என்பது அவர்கள் வாதம். அமெரிக்க வெளியுறவுத் துறையும் நிறுவனத்துக்குச் சாதகமாகவே கருத்துச் சொன்னது. ஆணையம் விலக்கு கொடுத்துவிட்டது! பாகுபாட்டைத் தடுக்க உருவான அமைப்பே, இந்த வேலைக்கு மதம் ஒரு நியாயமான தகுதிதான் என்று ஏற்றுக்கொண்டது. ஆணையத்தின் தலைவராக இருந்த எல்மர் கார்ட்டர் ஒரு கறுப்பினத்தவர், நிறப் பாகுபாட்டை எதிர்த்து எழுதியவர் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பெரிய நிறுவனம், நாட்டு நலன் என்று மேலிடம் சொல்லும்போது வளைந்துகொடுப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

அமெரிக்க யூத காங்கிரஸ் என்ற அமைப்பு ஆணையத்தின் மீதே வழக்குப் போட்டது. 1959-ல் நீதிபதி ஹென்றி எப்ஸ்டைன் தீர்ப்பளித்தார். வெளிநாட்டு மன்னரின் விருப்பத்துக்காக நியூயார்க் தன் சட்டத்தைத் தளர்த்தாது, அராம்கோ அதற்குக் கட்டுப்பட வேண்டும், முடியாதென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். 1961-ல் மாநிலத்தின் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சட்டம் வந்து 16 ஆண்டுகள் கழித்து.

இதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. இனத்தையும் மதத்தையும் கேட்கக் கூடாது என்றால் ஒரு கம்பெனியில் எத்தனை யூதர், எத்தனை கறுப்பினத்தவர் என்று எண்ணவும் முடியாது. 1960-களில் கறுப்பினத் தலைவர்கள், எண்ணினால்தானே ஒதுக்கியது தெரியும், எண்ணுங்கள் என்றார்கள். எண்ணிக்கையாலேயே அடிபட்ட யூத அமைப்புகள் பலவற்றுக்கு அது பயத்தைக் கொடுத்தது. 1945-ல் ஒன்றாக நின்றவர்கள் இந்த இடத்தில் பிரிந்தார்கள். இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. பங்சா கட்டம் இல்லையென்றால் நம்மவர் எங்கே எத்தனை பேர் என்று எப்படிச் சொல்வோம்? இருந்தால், அது எந்த மேசையில் எதற்குப் பயன்படுகிறது என்று யாருக்குத் தெரியும்?

நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவு அரசு வேலையில் பாகுபாட்டைப் பற்றிப் பேசுகிறது, அதுவும் விதிவிலக்குகளோடு. தனியார் முதலாளி அதற்குள் வரமாட்டார். பக்கத்தில் சிங்கப்பூரில் 2025 ஜனவரியில்தான் வேலையிட நியாயச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

போன மாதம் பயிற்சி மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். முப்பது பாரம். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்திலேயே புகைப்படம், பங்சா, அகாமா. மனிதவளப் பிரிவு அக்காவிடம் போய், “இந்த மூணும் எதுக்குக்கா, எடுத்துடலாமா?” என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

“தெரியல தம்பி. நான் வேலைக்கு வந்தப்பவே சிஸ்டத்துல அப்படித்தான் இருந்துச்சு.”

முதல் பக்கங்களை மட்டும் கழற்றிக் கொடுக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். இரண்டாம் பக்கத்தின் மூலையில் பெயர் இருந்தது.