வருமான வரி ரீஃபண்ட் நடந்து வந்த பாதை

வரியை வாங்கிக்கொள்ள அரசாங்கம் யாரிடமும் விண்ணப்பம் போடுவதில்லை. சம்பளம் கைக்கு வருமுன்பே பிடித்தம் போய்விடுகிறது. ஃபிக்சட் டெபாசிட் வட்டியிலும் இதே கதைதான். ஆனால் பிடித்தது அதிகம் என்று தெரிந்தால், அதைத் திரும்ப வாங்குவதற்கு மட்டும் பணத்தைக் கொடுத்தவர் ரிட்டன் போட்டுக் கேட்க வேண்டும், பிறகு காத்திருக்க வேண்டும். இந்த ஒருபக்கச் சாய்வுக்கு வயது அதிகம்.

சிப்பாய் கலகத்தில் காலியான கஜானாவை நிரப்ப ஜேம்ஸ் வில்சன் இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டு வந்தது 1860ல். அது ஐந்து வருடத்தில் காலாவதியானது, பிறகு 1886ல் நிலையாக வந்து உட்கார்ந்தது என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ரீஃபண்ட் கதைக்கு 1922ஆம் வருடச் சட்டத்திலிருந்து தொடங்கினால் போதும். அதில் 18ஆம் பிரிவு சம்பளத்திலும் கடன் பத்திர வட்டியிலும் ஊற்றிலேயே வரியைப் பிடிக்கச் சொன்னது. 48ஆம் பிரிவு அதிகப்படியைத் திருப்பித் தரச் சொன்னது. டிவிடெண்டு விஷயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கம்பெனி கட்டிய வரியைப் பங்குதாரரே கட்டியதாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே, வருமானம் குறைவான ஒரு பங்குதாரர், தன் கையால் ஒரு பைசாகூடக் கட்டாமலேயே ரீஃபண்ட் கேட்கலாம்! 1959ல் இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள்.

பிறகு 1961 சட்டம். 1962 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. (இந்த 1962ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.) அதில் 237 முதல் 245 வரை ரீஃபண்டுக்கென்றே ஒரு அத்தியாயம். கேட்பதற்குத் தனியாக 30ஆம் எண் படிவம். பிடித்தம் செய்தவர் கொடுத்த சான்றிதழை ரிட்டனோடு இணைக்க வேண்டும். அலுவலர் அதையெல்லாம் பார்த்து, கையால் கணக்குப் போட்டு, திருப்பித் தர வேண்டியது இவ்வளவு என்று முடிவு செய்தால், செக் மாதிரியான ஒரு ரீஃபண்ட் வவுச்சரில் கையெழுத்துப் போடுவார். அது தபாலில் வரும். வராவிட்டால்? எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள வார்டு அலுவலகப் படியேறுவதுதான் வழி, அல்லது ஆடிட்டரை அனுப்ப வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், வரியை நிர்ணயிப்பவர், வசூலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், ரீஃபண்டில் கையெழுத்துப் போடுபவர் எல்லாம் ஒரே ஆள். அரசு சொல்லும் நிகர வசூல் என்பது ரீஃபண்டைக் கழித்த தொகை. மார்ச் 31க்கு முன் போக வேண்டிய ரீஃபண்ட் ஏப்ரலுக்குத் தள்ளிப் போனால் அந்த வருட வசூல் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். வருடக் கடைசியில் ரீஃபண்டைப் பிடித்து வைக்கிறார்கள் என்ற புகார் திரும்பத் திரும்ப எழுந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். தனி மனிதர்களின் நல்ல குணம், கெட்ட குணத்தை இழுக்கத் தேவையே இல்லை.

தாமதத்துக்கு வட்டி கிடையாதா? உண்டு, ஆனால் பழைய 243ஆம் பிரிவில் கடிகாரம் ஓடத் தொடங்கியதே வருமானம் நிர்ணயமாகி மூன்று மாதம் கழிந்த பிறகுதான். நிர்ணயிக்கவே இரண்டு வருடம் ஆனால் அந்த இரண்டு வருடத்துக்கு அதில் வட்டி இல்லை. 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 244ஏ பிரிவு இதை மாற்றியது. பிடித்தம் செய்த வரி அதிகமானால், மதிப்பீட்டு ஆண்டின் ஏப்ரல் 1லிருந்தே வட்டி ஓடும் என்றது. (ரிட்டனைத் தாமதமாகப் போட்டால் போட்ட தேதியிலிருந்துதான் என்று 2016ல் ஒரு முடிச்சு போட்டார்கள்.) உண்மையிலேயே பெரிய மாற்றம் இது. முதல் முறையாகத் தாமதத்தின் விலையில் பெரும்பகுதி அரசின் தலையில் விழுந்தது.

ஆனால் விலை மலிவு! 2003 செப்டம்பர் 8 முதல் இந்த வட்டி மாதத்துக்கு அரை சதவீதம். அதே 1961 சட்டத்தில், முன்கூட்டிக் கட்ட வேண்டிய வரியைக் கட்டத் தவறியவரிடம் வாங்கியது மாதம் ஒரு சதவீதம். கடன் ஒன்றுதான், யார் கடன்காரர் என்பதைப் பொறுத்து வட்டி பாதியாகிறது, அல்லது இரட்டிப்பாகிறது. போதாக்குறைக்கு, கிடைத்த அரை சதவீதமும் வருமானம் என்பதால் அதற்கும் வரி.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு சாண்ட்விக் ஆசியா வழக்கைப் பார்க்கலாம். அந்தக் கம்பெனிக்குச் சேர வேண்டிய தொகை 12 முதல் 17 வருடம் வரை தாமதமானது. 2006 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் துறையைக் கடுமையாகக் கண்டித்து, வட்டியைத் தராமல் வைத்திருந்த காலத்துக்கும் 9 சதவீதம் ஈடு கொடுக்கச் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் வட்டிக்கு வட்டி கேட்க, 2013ல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, சட்டம் சொல்லும் வட்டி மட்டும்தான், சாண்ட்விக்கில் கொடுத்தது அந்த வழக்குக்கான இழப்பீடு என்று கதவைச் சாத்தியது.

சரி, இயந்திரக் காலத்துக்கு வருவோம். 2007 ஜனவரி 24ல் டில்லியிலும் பாட்னாவிலும் 'ரீஃபண்ட் பேங்கர்' திட்டம் தொடங்கியது. அலுவலர் வவுச்சர் எழுதும் வேலை போனது. அவர் கணினி வழியே விவரத்தை அனுப்பினால், ஸ்டேட் பாங்க் பணத்தை நேரே கணக்கில் போடும், அல்லது செக்கை ஸ்பீட் போஸ்டில் அனுப்பும். பான் எண்ணையும் மதிப்பீட்டு ஆண்டையும் இணையத்தில் தட்டினால் ரீஃபண்ட் எங்கே என்று தெரிந்தது. வார்டு படியேறிய தலைமுறைக்கு இது மாயாஜாலமாகவே இருந்திருக்கும். 2009ல் பெங்களூரில் மத்தியச் செயலாக்க மையம் வந்ததும், கணக்குப் போடும் வேலையும் அலுவலர் கையிலிருந்து போய்விட்டது. ரிட்டன் யாருடையது, எந்த ஊர் என்று இயந்திரம் பார்ப்பதில்லை. (ஆனாலும் இணையத்தில் ரிட்டன் போட்டுவிட்டு, ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு எலக்ட்ரானிக் சிட்டி தபால் பெட்டிக்கு அனுப்பும் வேடிக்கையும் கூடவே இருந்தது. ஆதார் ஓ.டி.பி. வழி 2015ல்தான் வந்தது.)

சிக்கல் வேறு வாசல் வழியாக வந்தது. பழைய பேரேடுகளில் இருந்த நிலுவைகளை வார்டு அலுவலர்கள் மையத்தின் கணினியில் ஏற்றினார்கள். கட்டிய பணம் வரவு வைக்கப்படாதது, அப்பீலில் ரத்தானது, பிடித்தச் சான்றிதழைக் கணக்கில் எடுக்காதது என எல்லாத் தவறும் சேர்ந்தே ஏறியது. 245ஆம் பிரிவு, ரீஃபண்டைப் பழைய பாக்கியில் கழிக்க அனுமதிக்கிறது, ஆனால் முதலில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் முதலில் கழித்தார்கள். கேட்டால் பெங்களூர் மையம் வார்டைக் கைகாட்டும், வார்டு பெங்களூரைக் கைகாட்டும். முன்பு திட்டவாவது எதிரே ஒரு முகம் இருந்தது!

2012ல் ஒரு முதிய ஆடிட்டர் டில்லி உயர் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் அதையே வழக்காக எடுத்துக்கொண்டு 2013 மார்ச் 14ல் தீர்ப்புச் சொன்னது. தகவல் கொடுத்து, பதிலைக் கேட்ட பிறகே கழிக்க வேண்டும். தவறு வரி கட்டியவருடையது இல்லையென்றால் வட்டியோடு தர வேண்டும். திருத்தம் கேட்டு வரும் மனுக்களுக்கு ஒவ்வொரு அலுவலரும் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். கணினி மயமான துறைக்கு, மனு வந்த தேதியையும் முடித்த தேதியையும் எழுதி வை என்று சொல்லித்தர நீதிமன்றம் வேண்டியிருந்தது.

இயந்திரத்தின் வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ரிட்டனைப் பரிசீலிக்க 2013-14ல் சராசரியாக 93 நாள் ஆனது, இப்போது 10 நாள் என்று 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் சொன்னார். 2019 மார்ச் முதல் செக்கும் இல்லை, பான் இணைத்த வங்கிக் கணக்கில் மட்டும்தான் ரீஃபண்ட். ஆனால் அதே பட்ஜெட் உரையில் இன்னொரு விஷயமும் இருந்தது. சரிபார்க்கப்படாத சில்லறை நிலுவைகள், 1962 வரை பின்னே போகிறவைகூட, இன்னும் கணக்கில் தொங்கிக்கொண்டு ரீஃபண்டுகளைத் தடுக்கின்றன என்று அரசே ஒப்புக்கொண்டது. 2009-10 வரை 25,000 ரூபாய்க்குள்ளும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய்க்குள்ளும் இருந்த பாக்கிகளை வாபஸ் வாங்கியது. சுமார் ஒரு கோடி பேருக்குப் பலன் என்றார்கள். அதாவது சுமார் ஒரு கோடி பேர் தலையில் அதுவரை அந்தப் பாக்கி உட்கார்ந்திருந்தது.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று 2025 ஆகஸ்டில் புதிய வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. அதன் முதல் மசோதாவில், கெடு தேதிக்குள் ரிட்டன் போட்டால்தான் ரீஃபண்ட் கேட்கலாம் என்று பொருள்படும் ஒரு விதி இருந்தது. ஒரு நாள் தவறினால், அதிகமாகப் பிடித்த பணம் அரசிடமே தங்கிவிடும். நாடாளுமன்றத் தேர்வுக் குழு அதை எடுக்கச் சொன்னது. எடுத்த பிறகுதான் சட்டம் நிறைவேறியது.