புளியரை ஏற்றம்: மாட்டுவண்டி முதல் கேரவன் வரை

திருத்தங்கல் என்றால் குன்றின் மேல் இருக்கும் நின்ற நாராயணப் பெருமாளைச் சொல்வார்கள். அடுத்து தீப்பெட்டி, பட்டாசு. எங்கள் ஊருக்கு இவற்றைத் தவிர இன்னொரு பழம்பெருமை உண்டு. மலை தாண்டிச் சேரநாடு போய்த் திரும்பியவர்கள் இளைப்பாறிய ஊர் இது.

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் பராசரன் என்று ஒரு சோழநாட்டு அந்தணன் வருகிறான். காடு, நாடு, ஊர் எல்லாம் கடந்து, மலையையும் பின்னால் விட்டுச் சேரனிடம் போய்ப் பரிசில் பெறுகிறான். திரும்பும் வழியில் பாண்டிநாட்டுத் தங்கால் என்னும் ஊரில், அரசமரத்து மன்றத்தில் வந்து தங்குகிறான். கைக்கோல், கமண்டலம், வெண்குடை, சமித்து, சின்ன மூட்டை, செருப்பு என்று அவன் கொண்டுவந்ததை எல்லாம் இளங்கோ வரிசையாகச் சொல்கிறார். அந்தத் தங்கால்தான் இன்றைய திருத்தங்கல். பயணத்துக்கு வேண்டியதை எல்லாம் கூடவே கொண்டுபோய் மலை கடந்த ஒருவனைப் பற்றி எங்கள் ஊருக்குக் கிடைத்த முதல் பதிவு அது.

நான் இந்த ஊர்க்காரன். தீப்பெட்டி லோடும் பட்டாசு லோடும் ஏற்றிக் கொல்லத்துக்கு லாரி ஓட்டியவன். பிறகு குற்றாலத்துக்கும் சபரிமலைக்கும் வேன் ஓட்டினேன். என் பிழைப்பு முழுக்கப் புளியரை ஏற்றத்தை நம்பி நடந்தது. அந்தப் பாதையின் கதையை அதில் வண்டி ஓட்டிய ஒருவன் எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இங்கிருந்து சிவகாசி வழியாகத் திருவில்லிபுத்தூர் போனால் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். பழைய எண் 208, இப்போது 744. ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை வரை மலை வலக்கைப் பக்கமாகக் கூடவே வரும். புளியரையில் சாலை அந்த மலைக்குள்ளேயே நுழைகிறது. எங்கள் பக்கம் ஏற்றம் குறுகியது, ஆனால் செங்குத்து. எஸ் வளைவு ஏறிக் கோட்டைவாசலைத் தொட்டால் அந்தப் பக்கம் கேரளம். அதற்கப்புறம் ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, புனலூர் என்று நீண்டுகொண்டே போகும் இறக்கம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வால்பாறையின் 40 வளைவுகளையும் பார்த்தவர்களுக்கு இது சின்ன மலையாகத் தெரியும். ஆனால் அங்கெல்லாம் இல்லாத அளவுக்குப் பாரம் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் எதிரும் புதிருமாக ஓடும் மலை இது.

சாலை வருவதற்கு முன்பே இங்கே வணிகம் இருந்தது. ஆரியங்காவு சாஸ்தா கோயிலில் ஒவ்வொரு மார்கழியிலும் நடக்கும் திருக்கல்யாணமே அதற்குச் சாட்சி. மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அரண்மனைக்குத் துணி கொண்டுபோன சௌராஷ்டிர வியாபாரி ஒருவர், மேலே உள்ள பாதைக்குப் பயந்து மகள் புஷ்கலையை அந்தக் கோயிலில் விட்டுப் போனார். காட்டில் யானையிடமிருந்து அவரைக் காப்பாற்றிய சாஸ்தா அந்தப் பெண்ணையே மணந்துகொண்டார் என்பது ஐதிகம். இன்றும் மதுரை சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராகச் சீர் கொண்டு வந்து கல்யாணம் நடத்துகிறார்கள். பெற்ற பெண்ணையே வழியில் விட்டுப் போகும் அளவுக்குப் பயம் தந்த பாதை என்றால், அதில் வியாபாரத்துக்குப் போனவனின் நெஞ்சுரம் எப்படி இருந்திருக்கும்!

பொதிமாட்டுக்குப் பிறகு வண்டி வந்தது. வண்டிக்காரர்கள் தனியாக ஏற மாட்டார்கள். அடிவாரத்தில் காத்திருந்து, வரிசை சேர்ந்ததும் கிளம்புவார்கள். ஏற்றத்தில் ஒரு வண்டி மாட்டை அவிழ்த்து அடுத்த வண்டிக்குக் கூடுதலாகப் பூட்டுவார்கள். மாடு மூச்சுவாங்கி நின்றால் சக்கரத்துக்குப் பின்னால் முட்டுக்கட்டை போட ஓர் ஆள் நடந்தே வருவான். இறக்கத்தில் பாரம் மாட்டின் கழுத்தில் ஏறிவிடாதபடி சக்கரத்தைக் கட்டி, இழுத்தபடியே இறக்குவார்கள். மலைப்பாதையில் ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம் என்பதை அன்றே கண்டுகொண்டவர்கள் அவர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் திருவிதாங்கூர் அரசு இந்த வழிக்கு மதிப்புக் கொடுத்தது. புனலூரில் கல்லடையாற்றின் மேல் ஆல்பர்ட் ஹென்றி என்ற பொறியாளர் 1877-இல் கட்டி முடித்த தொங்குபாலம் இன்னும் நிற்கிறது. 1904 நவம்பரில் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மீட்டர்கேஜ் ரயில் வந்தது. பகவதிபுரம் தாண்டி மலையைக் குடைந்து ஆரியங்காவு போய், கழுதுருட்டியில் 13 கண் வைத்த கற்பாலத்தின் மேல் ஓடும். சாலை அந்தப் பாலத்தின் காலடியில் போகிறது. லாரியில் போகும்போது மேலே ரயில் வந்தால் கிளீனர் பையன்கள் கைகாட்டுவார்கள். அகலப் பாதைக்காக 2010-இல் அந்த ரயில் நின்றது. 2018-இல்தான் திரும்ப ஓடியது. செங்கோட்டையில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் வாஞ்சிநாதன் இந்தப் பாதையின் மறுகோடியில், புனலூரில், வனத்துறை வேலை பார்த்தவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்குச் செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்களைப் பிரித்தபோது செங்கோட்டை நம்மோடு வந்தது, ஆரியங்காவு கேரளத்தோடு நின்றது. சமவெளியில் கிடந்த எல்லைக்கோடு மலைமேல் ஏறிவிட்டது. அதன்பின் லாரிக்காரர்களுக்குப் புளியரை, ஆரியங்காவு என்று இரண்டு பக்கமும் செக்போஸ்ட். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுபடும்வரை, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே வரிசையில் காத்திருப்பதும் எங்கள் வேலையில் ஒரு பகுதியாக இருந்தது.

எங்கள் தொழில் இந்த மலையை நம்பியது எப்படி என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் படித்து வந்து, 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். வெயிலும் காய்ந்த காற்றும் எங்களிடம் இருந்தன, மரம் இல்லை. குச்சிக்கு வேண்டிய பெருமரம் போன்ற மென்மரங்கள் கேரளத்து மழைக்காட்டுப் பக்கம் அதிகம் வளரும். அதனால் குச்சி அங்கிருந்து கிழக்கே இறங்கியது, மருந்து தோய்த்த தீப்பெட்டி இங்கிருந்து மேற்கே ஏறியது. பட்டாசு வந்தபின் இன்னொரு ஓட்டமும் சேர்ந்தது. நமக்குத் தீபாவளி எப்படியோ, மலையாளிகளுக்கு விஷு அப்படி. பங்குனி மாத வெயிலில் விஷுப் பட்டாசு புளியரை ஏறும்.

தீப்பெட்டியும் பட்டாசும் எடை குறைந்தவை, இடம் அடைப்பவை. லோடு உயரமாக எழும்பி நிற்கும். வளைவில் வேகமாகத் திருப்பினால் வண்டி மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி ஒரு பக்கமும் இழுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து சூடு. நீண்ட இறக்கத்தில் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் டிரம் காய்ந்து, லைனிங் கருகி, புகை வரும். பிறகு மிதித்தாலும் பிடிக்காது. மேலே பட்டாசு, கீழே காய்ந்த டிரம் என்ற நிலைமையை எந்த டிரைவரும் கனவிலும் விரும்ப மாட்டான்.

எனக்கு வண்டி கற்றுக்கொடுத்த அண்ணாச்சி பவர் ஸ்டியரிங் இல்லாத டாடா பென்ஸ் வண்டியில் தேறியவர். கோட்டைவாசல் கருப்பசாமிக்குச் சூடம் கொளுத்தி, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்த்து, டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறக்கத்தில் வண்டியை விடுவார். "தம்பி, எந்த கியர்ல ஏறுவியோ அந்த கியர்லயே இறக்கு. இன்ஜின் புடிச்சு நிறுத்தட்டும், பிரேக்கை வளைவுக்கு மிச்சம் வை. நியூட்ரல்ல விட்டு டீசலை மிச்சம் புடிக்கலாம்னு நெனைக்காதே, உசுர மிச்சம் புடி" என்பார். வண்டிக்காரன் சக்கரத்தைக் கட்டி இறக்கியதும் அண்ணாச்சி இரண்டாம் கியரில் இறக்கியதும் ஒரே அறிவுதான்.

அவர் சொன்ன இன்னொன்று, ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். ஏறும் வண்டி பாரத்தோடு நின்றுவிட்டால் திரும்ப எடுப்பது சிரமம். கிளட்ச் கருகும், வண்டி பின்னால் உருளும். பின்னால் வருகிறவனுக்கும் ஆபத்து. இறங்குகிறவன் ஓரம் நின்றால் அவனுக்கு ஒரு நிமிஷம்தான் நஷ்டம். 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளில் இது எழுத்திலேயே இருந்தது. எழுத்துப் படிக்காத டிரைவர்களும் அதைக் கடைப்பிடித்தார்கள். விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டால் 'நீ வா' என்று அர்த்தம். போகிறவர் ஒரு சின்ன ஹாரன் கொடுப்பார், அதுதான் நன்றி. தமிழும் மலையாளமும் தெரியாத வடக்கத்தி டிரைவருக்கும் அது புரியும்.

லாரியை விட்டு வேனுக்கு வந்தபோது இந்தப் படிப்பைத்தான் கொண்டுவந்தேன். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் ஆடிச் சாரலுக்குக் குற்றாலம் போனாலும், மாலை போட்டவர்கள் ஆரியங்காவு, அச்சன்கோவில், குளத்துப்புழை பார்த்துச் சபரிமலை போனாலும் அடுப்பும் அண்டாவும் அரிசியும் ஜமுக்காளமும் வேனிலேயே வரும். ஆற்றங்கரையில் சமைத்து, மரத்தடியில் சாப்பிட்டு, வண்டியிலேயே தூங்குவோம். பராசரனின் மூட்டைக்கும் எங்கள் வேன் கூரைக்கும் வித்தியாசம் அளவில்தான்.

இப்போது அதுவே கேரவன் என்ற பெயரில் வந்திருக்கிறது. 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கையே அறிவித்தது. படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும் அந்த வண்டிகள் தென்மலைப் பக்கமும் வரும், வரட்டும். காட்டின் அழகைக் குடும்பத்தோடு தங்கிப் பார்ப்பது நல்ல காரியம். ஆனால் அதை ஓட்டுகிறவர்கள் சிலவற்றை மனதில் வைக்க வேண்டும். கேரவனும் பட்டாசு லாரியைப் போல உயரமானது. 200 லிட்டர் தண்ணீர் ஏற்றினால் 200 கிலோ, அதுவும் வளைவில் ஆடுகிற எடை. பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளும் உடம்பு வளைவில் எதிர்ப்பக்கம் வீசும். வேகத்தைக் குறைக்கப் பிரேக்கை மட்டும் மிதித்தால் தென்மலை சேர்வதற்குள் அது கையை விரித்துவிடும்.

சமவெளியில் கார் ஓட்டிப் பழகிய பலர் இன்று இறக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து, ஏறுகிற லாரியை ஓரத்துக்குத் தள்ளுவதைப் பார்க்கிறேன். வண்டிகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. மலைச்சரிவும் பாரத்தின் எடையும் மாறவில்லை. இத்தனை காலம் இந்தப் பாதையில் ஆயிரக்கணக்கான பேர் உயிரோடு போய்த் திரும்பியது ஒருவருக்கொருவர் வழிவிட்ட வழக்கத்தால்தான். அதைக் காகித விதியாக மட்டும் மிச்சம் வைத்துவிடக் கூடாது.

அடுத்தமுறை புளியரை வழியாகப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோட்டைவாசலில் ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். டயரையும் பிரேக்கையும் பாருங்கள். சின்ன கியரில் இறங்குங்கள். எதிரே பாரத்தோடு ஒரு லாரி ஏறி வந்தால், நீங்கள் ஓரம் நின்று அதை முதலில் போகவிடுங்கள்.