சத்தம் குறைந்த .22 தோட்டா: வீட்டுக்குள் சுட்டுப் பழகலாமா? சட்டம் சொல்வது என்ன?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில். அதில் பயன்படுத்துவது .22 ரிம்ஃபயர் தோட்டா. நம்ம ஊரில் நடிகர் அஜித் மாநிலப் போட்டிகளில் பதக்கம் வாங்கிய பிறகு, இந்த விளையாட்டு மேல் பலருக்கும் ஒரு கண். கூடவே ஒரு கேள்வியும் வருது: "சத்தமே வராத தோட்டா இருக்காமே, மயிலாப்பூர் மொட்டை மாடியிலோ தி.நகர் ஃபிளாட்டிலோ வச்சு சுட்டுப் பழகக் கூடாதா?" கூடாது. ஏன்னு பார்ப்போம்.

ரிம்ஃபயர் என்றால் என்ன?

தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்கு அடியில் ஒரு விளிம்பு இருக்கும். தீப்பற்றும் மருந்து அந்த விளிம்புக்குள்ளேயே அடைக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பைத் தட்டியதும் மருந்து பற்றி, குண்டு பாயும். 1845-ல் பிரான்ஸின் ஃப்ளோபேர் உருவாக்கிய சின்னத் தோட்டாதான் இதற்கு முன்னோடி. ஐரோப்பாவில் அப்போது வீட்டு வரவேற்பறையிலேயே குறி பார்த்துச் சுடுவது ஒரு பொழுதுபோக்கு. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-ல் வந்தது.

சத்தம் எப்படிக் குறைகிறது?

காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். குண்டு அதைத் தாண்டினால் 'பட்'டென்று தனியாக ஒரு சத்தம் வரும். போட்டித் தோட்டாக்கள் பெரும்பாலும் இந்த வேகத்துக்குச் சற்றுக் கீழேதான் போகும். ஒலி வேகத்தைக் கடக்கும் இடத்தில் குண்டு தடுமாறக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். 'குறைந்த சத்தம்' வகையில் வெடிமருந்தை இன்னும் குறைத்து, வேகத்தை நொடிக்கு 216 மீட்டர் அளவுக்கு இறக்கிவிடுகிறார்கள். சில வகைகளில் வெடிமருந்தே கிடையாது, விளிம்பு மருந்து மட்டும்தான்.

அப்போ ஆபத்து இல்லையா?

கணக்கு வேற மாதிரி சொல்லுது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் குண்டின் ஆற்றல் சுமார் 7 முதல் 8 ஜூல். சத்தம் குறைந்த .22 தோட்டாவுக்கு அது சுமார் 60 ஜூல். உயிரைப் பறிக்க அது போதும். மொட்டை மாடியில் குறி தப்பினால் குண்டு பக்கத்து வீட்டு ஜன்னலுக்கோ தெருவுக்கோ போகும். மிகக் குறைந்த வேகத் தோட்டாவை நீண்ட குழல் ரைஃபிளில் போட்டால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும் அபாயம் உண்டு. மூடிய அறையில் ஈயத் துகளும் காற்றில் கலக்கும், குழந்தைகளுக்கு அது கூடுதல் கெடுதல்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959 ஆயுதச் சட்டம் தோட்டாவைச் சத்தத்தை வைத்துப் பிரிப்பதில்லை. உரிமம் இல்லாமல் ஒரு .22 தோட்டாவை வைத்திருந்தாலும் குற்றம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சத்தத்தைக் குறைக்கும் சைலன்ஸரையும் இதே சட்டம் 'துப்பாக்கி' என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. சென்னையில் உரிமம் வழங்கும் அதிகாரம் மாநகரக் காவல் ஆணையருக்கு. உரிமம் கையில் இருந்தாலும் குடியிருப்புக்கு நடுவே சுட்டுப் பழக அது அனுமதி ஆகாது.

2016 ஆயுத விதிகளின்படி, குழல் 4.5 மில்லிமீட்டருக்கும், ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் கன்னுக்கு மட்டும் உரிமம் தேவையில்லை. அதன் குண்டு பட்டாலும் கண் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆர்வம் இருந்தால் எங்கே போவது?

எழும்பூர் பழைய காவல் ஆணையர் அலுவலக வளாகத்தில் சென்னை ரைஃபிள் கிளப் இருக்கிறது. அடையாறு பக்கம் இருப்பவர்களுக்கு வேளச்சேரி குருநானக் கல்லூரியின் சுடுதளம் கிட்ட. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டின் துப்பாக்கி சுடுதல் போட்டிகள் அங்கேதான் நடந்தன. சேர்க்கை விதிகளை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

புதிதாக வருபவர்கள் பொதுவாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் அல்லது ஏர் பிஸ்டலில்தான் தொடங்குவார்கள். 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பெயர் எடுத்ததும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். பயிற்சியாளர் கற்றுத் தந்த பிறகு, குண்டே இல்லாமல் நிலை, மூச்சு, விசை இழுப்பு மூன்றையும் பழகும் 'டிரை ஃபயர்' பயிற்சியை வீட்டிலும் செய்யலாம். பதக்கம் வாங்குறவங்களும் தினமும் செய்யும் பயிற்சி அது. அக்கம்பக்கத்துக்கு ஒரு சத்தமும் கேட்காது.