அர்பத்நாட் திவாலும் ஒரு மயிலாப்பூர் வக்கீலும்

நம் குடியிருப்பில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள். வைப்புத் தொகைக்கு எங்கே அரை சதவீதம் வட்டி கூடுதல் என்ற பேச்சு வெள்ளக்கடைக் குளிரில் தினமும் நடக்கிறது. வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். அவர்களுக்காக ஒரு பழைய வழக்கு.

1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை. சென்னையின் பெரிய ஆங்கிலேயக் கம்பெனியான அர்பத்நாட் கைவிரித்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இருந்த நிறுவனம். ஓய்வூதியக்காரர், விதவை, கோவில் அறக்கட்டளை, ஜமீன்தார் என்று எல்லோர் பணமும் அங்கே இருந்தது. லண்டனில் அதன் கூட்டாளியான மக்ஃபேடியன் ஊக வியாபாரத்தில் பணத்தைத் தொலைத்துவிட்டு, அதற்குச் சற்று முன்புதான் தற்கொலை செய்துகொண்டிருந்தார்.

அது கூட்டாண்மை நிறுவனம். ஆண்டறிக்கை வெளியிட வேண்டியதில்லை. போட்டவருக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனியின் பெயரும் கட்டடத்தின் தூண்களும்தான். பேரேட்டைப் பார்த்தவர்கள் பங்குதாரர்கள் மட்டுமே.

கடன் கொடுத்தவர்களுக்காக உயர் நீதிமன்றத்தில் நின்றவர் வி.கிருஷ்ணசாமி ஐயர். லண்டனில் படித்த பாரிஸ்டர் அல்ல. திருவிடைமருதூரில் பிறந்து மயிலாப்பூரில் தொழில் நடத்திய வக்கீல். திவால் வழக்கில் சொத்து அரசு பொறுப்பாளர் கைக்குப் போகும். கணக்குகள் தோண்டப்படும், கிடைப்பது எல்லோருக்கும் விகிதப்படி பிரியும். எவ்வளவு நன்றாக வாதாடினாலும் இல்லாத பணத்தை வக்கீல் வரவழைக்க முடியாது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குத் தனியாகக் குற்ற வழக்கில் 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. ஆங்கிலேயப் பெருமுதலாளி சிறைக்குப் போனது அன்று ஊரையே பேச வைத்த சேதி. ஆனால் அதில் விதவைக்கு ஒரு ரூபாயும் வரவில்லை.

ஐயரை நான் மதிப்பது அடுத்து அவர் செய்ததற்காக. வழக்கு ஒரு பக்கம் நடக்கும்போதே இந்தியர்களுக்கு ஒரு வங்கி வேண்டும் என்று கிளம்பினார். நகரத்தார்களின் ஆதரவைத் திரட்டினார். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி தொடங்கியது. இது கூட்டுப் பங்கு நிறுவனம்; பங்குதாரர் முன் கணக்கு வைத்தே ஆக வேண்டும். ராஜாஜி சாலையில் அதன் கட்டடம் நிற்பது அர்பத்நாட் இருந்த மனையில்தான். (அதே 1907இல், அரசியலில் தமக்கு எதிர்முகாமில் இருந்த பாரதியின் பாடல்களைத் தம் செலவில் அச்சிட்டு வழங்கியவரும் இவரே.) 1909இல் நீதிபதியானார், 1911 டிசம்பரில் 48 வயதில் காலமானார்.

போட்ட பணத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்த பிறகு, 1962 ஜனவரி 1 முதல் வைப்புக் காப்பீடு வந்தது. அப்போது வரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம். அது ஒரு வங்கியில் ஒருவருக்குள்ள எல்லாக் கணக்குகளையும், வட்டியையும் சேர்த்து. கிளை மாற்றிப் போட்டாலும் ஒன்றுதான். வங்கி மாற்றிப் போட்டால் தனித்தனி. கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. பைனான்ஸ் கம்பெனி, நகைக்கடைச் சீட்டு, நிலத் திட்டம் எதற்கும் இந்தக் காப்பீடு கிடையாது.