ஏற்காட்டு மின்சிட்டு: ஆணுக்கு மட்டும் ஏன் அந்தச் சிவப்பு? முடிவு பண்றது யார் தெரியுமா?

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு போனால், காபித் தோட்டத்து நிழல் மரங்களின் உச்சியில் கூட்டமாகத் திரியும் மின்சிட்டுகளைப் பார்க்கலாம். ஒன்று கருப்பும் நெருப்புச் சிவப்புமாக மின்னும். பக்கத்துக் கிளையில் இருப்பது சாம்பலும் மஞ்சளும். இரண்டும் வேற வேற பறவைன்னு பலர் நினைச்சுக்குவாங்க. ஆனால் சிவப்பு ஆண், மஞ்சள் பெண், அவ்வளவுதான். இளம் ஆணும் முதலில் பெண்ணைப் போலத்தான் இருக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? பெண் பறவைகள் தலைமுறை தலைமுறையாகப் பளிச்சென்ற ஆணையே தேர்ந்தெடுத்ததன் விளைவு இது என்று 1871-ல் எழுதினார் சார்லஸ் டார்வின். ஆல்ஃபிரட் வாலஸ் அதை ஏற்கவில்லை. அடைகாக்கும் பெண் எதிரி கண்ணில் படக்கூடாது, அதனால்தான் மங்கல் நிறம் என்றார் அவர். அதிலும் விஷயம் இருக்கு. மின்சிட்டின் கூடு மரப்பாசியும் பட்டைத் துணுக்கும் ஒட்டிய சின்னக் கிண்ணம், கிளையின் முடிச்சு மாதிரியே தெரியும். அதில் செக்கச்செவேல்னு ஒன்று உட்கார்ந்தால் ஒளித்து வைத்ததெல்லாம் வீண்.

சரி, சிவப்பில் பெண் எதைப் பார்க்குது?

பறவை இறகின் சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் கரோட்டினாய்டு நிறமிகளால் வருபவை. கேரட்டுக்கு நிறம் தருவதும் இதே வகைதான். பறவையின் உடம்பு இதைத் தானாகத் தயாரிக்காது, சாப்பாட்டில் இருந்துதான் எடுத்தாகணும். நோயும் ஒட்டுண்ணியும் வந்தால் நிறம் மங்கலாம். அதாவது, நல்லா சாப்பிட்டு ஆரோக்கியமா இருக்கேன் என்பதற்கான சான்றிதழ் அந்த இறகு. மின்சிட்டு இலைகளுக்கு நடுவில் பூச்சி தேடிச் சாப்பிடும் பறவை. நிழல் மரம் போனால் இரையும் போகும், சிவப்புக்கான சரக்கும் அதோடு போகும்.

இதைச் சோதிக்க அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி ஹில் கையில் எடுத்தது தலைமுடிச் சாயம்! ஹவுஸ் ஃபின்ச் என்ற சிட்டின் ஆண்கள் சிலவற்றுக்குச் சிவப்பை ஏற்றினார், சிலவற்றை வெளுக்க வைத்தார். சிவந்தவைக்குச் சீக்கிரமே ஜோடி கிடைத்தது. வெளுத்தவை காத்துக்கிடந்தன. இயற்கையிலேயே நல்ல சிவப்பாக இருந்த ஆண்கள் குஞ்சுகளுக்கு அதிக இரை கொண்டுவந்ததையும் பார்த்தார். 1991-ல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது.

நிறம் மட்டும்தான் கணக்கா என்றால், இல்லை. மலையடிவார வயல்பக்கம் இருக்கும் தூக்கணாங்குருவி ஆணுக்கும் இனப்பெருக்கக் காலத்தில் தலை மஞ்சளாக மாறும். ஆனால் பெண்ணின் கண் கூட்டின் மேல்தான். ஆண் பாதிக் கூடு கட்டிவிட்டு இறக்கையடித்துக் கூப்பிடும். பெண் உள்ளே போய்ப் பார்க்கும், பிடிக்கலைன்னா கிளம்பிடும். பிடித்தால்தான் மீதி வேலை, நுழைவுக் குழாய் எல்லாம். அதை முடித்ததும் ஆண் அடுத்த கூட்டுக்கு அடித்தளம் போட்டு, அடுத்த பெண்ணைக் கூப்பிடக் கிளம்பிவிடும். சலீம் அலி 1931-லேயே இதை விவரித்திருக்கிறார். பின்னாளில் சுஹேல் குவாதர் ஆராய்ந்தபோது, பின்னல் நேர்த்தியைவிடக் கூடு தொங்கும் இடத்துக்கே பெண் அதிக மதிப்பு கொடுப்பது தெரிந்தது. வீடு பார்க்கப் போறவங்க ஏரியாவை முதலில் விசாரிக்கிற மாதிரி!

ஊதாத் தேன்சிட்டு இன்னும் சிக்கனம். சீசன் முடிந்ததும் ஆண் அந்தப் பளபளப்பை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போலவே ஆகிவிடும். அப்போது எது ஆண்னு கண்டுபிடிக்க, தொண்டையில் இருந்து வயிறு வரை கருப்புக் கோடு ஓடுதான்னு பாருங்க.