அதியமான் வம்சம்: கல்வெட்டுகள் சொல்லும் கதை

நாமக்கல் என்றதும் முட்டை, லாரி, ஆஞ்சநேயர் மூன்றும்தான் நினைவுக்கு வரும். அதே ஊர் மலையில் உள்ள குடைவரைக் கோயிலில் ஒரு அரச குடும்பத்தின் பெயர் வெட்டப்பட்டிருப்பது பலருக்குத் தெரியாது.

அது அதியமான் குடும்பம். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் நெடுமான் அஞ்சியைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, அவன் தலைநகர். அவன் முன்னோர்தான் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்கிறது புறநானூறு. அந்த முன்னோர் யார்? அவனுக்குப் பின் வந்தவர்கள் யார்?

இங்கிலாந்தில் ஒரு பிரபுக் குடும்பத்தின் வேரைத் தேடுபவருக்கு 1086-ல் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கு இருக்கிறது. அதியமானுக்குப் பாட்டும் கல்லும் செப்பேடும்தான்.

முதல் தடயம் அசோகருடையது. கி.மு. 3-ம் நூற்றாண்டில் அவர் வெட்டிய பாறைக் கல்வெட்டு, சோழர், பாண்டியர், சேரரோடு 'சதியபுதோ' என்று ஒருவரையும் சேர்த்துச் சொல்கிறது. அது யார் என்று அறிஞர்கள் பல காலம் வாதாடினார்கள். 1981-ல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதில் 'சதியபுதோ' என்ற பட்டமும் அதியன் நெடுமான் அஞ்சி என்ற பெயரும் ஒன்றாக இருந்தன. ஒரே வரியில் வாதம் முடிந்தது!

அடுத்த தடயத்துக்கு 8-ம் நூற்றாண்டு வரை வர வேண்டும். நாமக்கல் ரங்கநாதர் குடைவரையில் உள்ள கிரந்தக் கல்வெட்டு, அதிய குலத்துக் குணசீலனைச் சொல்கிறது. கோயிலின் பெயரே அதியேந்திர விஷ்ணுகிரகம். அதே நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் காவிரிக் கரையில் அதியனை வென்றதாக அவன் செப்பேடு பெருமைப்படுகிறது.

கடைசியாக, போளூர் அருகே திருமலை. சோழர் காலத்தின் பிற்பகுதியில் விடுகாதழகிய பெருமாள் என்ற தகடூர்த் தலைவன், தன் முன்னோன் எழினி வைத்த யட்சன், யட்சி சிலைகளைப் பழுது பார்த்தான். எழினி சேர வம்சம் என்றும் கல்லில் எழுதிவைத்தான். ஆனால் சங்க காலத்தில் தகடூரை அழித்தவனே ஒரு சேரன்தான், பெருஞ்சேரல் இரும்பொறை!

அந்த எழினி சங்ககால எழினிதானா? பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். ஒரே பெயர் பல தலைமுறைகளில் வரும். தந்தை, மகன் என்று விடாமல் வரும் வரிசை இந்தக் குடும்பத்துக்கு இல்லை. கல்வெட்டுகள் நிரூபிப்பது பெயரையும் பட்டத்தையும் ஊரையும்தான், ரத்த உறவை அல்ல.

ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் ஒரு சிற்றரசன் 'நான் அதியன்' என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறான். அந்தப் பெயருக்கு அவ்வளவு மதிப்பு! அடுத்த முறை நாமக்கல் போனால் ஆஞ்சநேயரோடு திரும்பிவிடாமல் ரங்கநாதர் குடைவரைக்கும் ஏறிப் பாருங்கள்.