படிவுப் பெருக்கம்

வெளியிலிருந்து வந்து சேரும் பொருள் சிறிது சிறிதாகப் படிந்து ஒட்டுவதனால் ஒன்று பருத்து விரிவது படிவுப் பெருக்கம் எனப்படும். நிலநூல், உயிர்நூல், வானநூல், சட்டம் ஆகிய பல துறைகளில் இது பேசப்படினும், தமிழ்நாட்டில் இதனைக் கண்கூடாகக் காண்பதற்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே அமைந்த தாமிரபருணிக் கழிமுகப் பிரதேசத்தினும் உகந்த இடம் வேறில்லை.

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கும் அந்த ஆறு, வெள்ளந்தோறும் கொணர்ந்த வண்டலையும் மணலையும் முகத்துவாரத்தில் இறக்கிவிட, அலைகள் அவற்றைக் கரையோடு ஒதுக்க, எக்கல் மேடுகள் எழுந்து காலக்கிரமத்தில் விளைநிலமாகிக் கடல் விலகிற்று. பெரிப்ளூஸ் என்னும் பழைய கடல்வழி நூலின் ஆசிரியர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக்குளித்த துறையாகவும், புவிநூலார் தாலமி முத்து வாணிபத் தலமாகவும் குறித்த கொற்கை, இன்று கடலுக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கிடையில் கிடக்கிறது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 785ஐ ஒட்டியதென மதிப்பிடப்பட்டது. அரசியல் மாறுதல்களையும் கொற்கையின் வீழ்ச்சிக்குக் காரணமாகக் கூறுவர். எனினும், கப்பல் அணுகவியலாத துறையை எந்த அரசும் காப்பாற்றியிருக்க முடியாது.

கொற்கை தூர்ந்தபின் வாணிபம் காயலுக்குப் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டதும், அரேபியக் குதிரைகள் வந்திறங்கியதுமான அப்பட்டினம் காயற்பட்டினமே என்பாரும் உளர். ஆயின், கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து பார்த்து, காயலில் சீனப் பீங்கான் ஓடுகளைக் கண்டெடுத்த கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் அதனைப் பழையகாயல் எனக் கொண்டமையே பொருந்துவதாகும். அதுவும் மணலால் அடைபட, பேராற்றின் வண்டல் நேரே வந்து விழாததும் தீவுகளின் மறைவுடையதுமான தூத்துக்குடி போர்ச்சுக்கீசியர் காலத்தில் ஏற்றம் பெற்று, 1658இல் டச்சுக்காரர் வசமாயிற்று.

முத்தும் இம்முறையிலேயே உருவாகிறது. சிப்பியின் மென்போர்வைத் திசு எவ்வகையிலேனும் உட்புறம் சிறைப்பட்டுப் பையாகுமிடத்து, அது சுரக்கும் சுண்ணகம், ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிப்புள்ள ஏடுகளாக அடுக்கடுக்காகப் படிய, அவ்வேடுகளில் ஒளி பிரதிபலித்துக் குறுக்கிடுவதே முத்தின் நீரோட்டம். சிப்பிகள் பற்றி வாழும் பாறைத்தளங்களைப் பரதவர் 'பார்' என்பர். தொலையிரம் பார் அவற்றுட் பெயர் பெற்றது. பார்மேல் மணல் வந்து மூடினால் குஞ்சுச் சிப்பிகள் மடிந்துபோம். பெரிய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உண்டாக்கிற்று.

சட்டத்தில், ஆறு கண்ணுக்குப் புலனாகாத மெதுவான கதியில் சேர்த்த நிலம் கரைநிலக்காரனைச் சாரும். ஒரே வெள்ளத்தில் ஆறு திசைமாறினால் உரிமை மாறாது. ரோமானிய நியாயத்திலிருந்து வந்த இவ்விதி, வங்காளத்தில் 1825ஆம் ஆண்டின் 11ஆவது ரெகுலேஷனில் எழுத்துருப் பெற்றது. சென்னை மாகாணத்தில் அவ்விதம் தனிச்சட்டம் எழவில்லை. கோதாவரியின் லங்கை எனப்படும் ஆற்றுத்திட்டு நிலங்களைப் பற்றிய வழக்கு பிரிவி கௌன்சில்வரை சென்றது. ஆற்றுப்படுகையும் கடலடி நிலமும் சர்க்காருக்கே உரியவை என்பதை 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் கூறும். பொறுமையாகப் படிந்ததற்குப் பலனும் பாய்ந்து வந்ததற்கு மறுப்பும் அளிப்பதில் நியாயசாஸ்திரம் உழவனின் மனத்தையே பின்பற்றியிருக்கிறது. வாரிசு நியாயத்திலும் படிவுப் பெருக்கம் என்னும் கருத்து உண்டு: இருவருக்குக் கூட்டாக எழுதிவைத்த சொத்தில் ஒருவர் உயில் எழுதியவருக்கு முன்னரே இறப்பின், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி முழுவதும் மற்றவரைச் சாரும்.

வானநூலில், தூசு திரண்டு கோள்களாவதும், வெண்குறு விண்மீன் அண்டை விண்மீனின் பொருளை ஈர்த்து சந்திரசேகர் வரம்பை நெருங்கி வெடிப்பதும் இதன்பாற்படும். உலக வழக்கிலோ, கடனில் வட்டி ஏறுவதையும், ஊரைச் சுற்றிக் கதை சேர்வதையும் இவ்வாறு கருதலாம். சேர சோழ பாண்டியர் மூவரும் கொற்கையில் ஒன்றாய் வாழ்ந்த உடன்பிறந்தார் என்னும் ஐதிகமும், முக்காணி என்னும் அயலூர்ப்பெயரை அம்மூவரின் காணியாக்கிய விளக்கமும் அப்படிப் படிந்தவையே.

மீண்டும் இக்கடற்கரைக்கு வந்தால், 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடியின் அலைதடுப்புச் சுவர்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுடையவை. படிவுக்கு மாறாக, அண்டையிலுள்ள வான் தீவு அரிப்பினால் சுருங்கிவர, 2015 முதல் செயற்கைப் பார்கள் கடலில் இறக்கப்பட்டுள்ளன.